ஸ்னோபேர்டின் தாய் யார்? மார்வல் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மார்வல் காமிக்ஸ் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். டொரொன்டோவின் கிழக்குக் கரையில், ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் உங்கள் நியூயார்க் அலுவலகத்தில் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, நல்ல பழக்கம்தான். இந்த மடலில் பாதி உங்களுக்கு. மீதிப் பாதி, இந்த நாட்டின் தெற்கு ஓரத்தில் குடியேறி, வடக்கு என்றாலே பனியும் கரடியும் மட்டும் என்று நினைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஸ்னோபேர்ட் என்று ஒரு நாயகி இருக்கிறாள். அவளுடைய தாய் யார் என்ற கேள்வியை ஒரு முழுத் தொடராக எழுதுங்கள். எழுதுகிறவர் வடதுருவப் பூர்வகுடியான இனுயிட்டாக இருக்கட்டும்.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஸ்னோபேர்ட் 1979-இல் எக்ஸ்-மென் இதழ்களில், ஆல்பா ஃப்ளைட் என்ற கனடிய சூப்பர் ஹீரோக் கூட்டத்தோடு வந்து இறங்கினாள். உருவாக்கியவர் ஜான் பைர்ன். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். வடக்கின் எந்த விலங்காகவும் அவளால் மாற முடியும்: பனி ஆந்தை, வெள்ளைக் கரடி, ஓநாய், வோல்வரின். எந்த உருவத்துக்குப் போனாலும் உடல் வெள்ளையாகவே இருக்கும். நெல்வனா என்ற வடதுருவ தேவிக்கும் ரிச்சர்ட் ஈஸ்டன் என்ற மனிதருக்கும் பிறந்தவள் என்பது கதை. பூமியைப் பிடிக்க வரும் ‘பெரும் மிருகங்களை’ அழிப்பதற்கென்றே பெற்றெடுக்கப்பட்டவள். மனித வேடத்தில் அவள் பெயர் ஆன் மக்கென்ஸி, கனடிய மவுன்ட்டட் போலீஸில் வேலை. கனடாவின் எல்லையைத் தாண்டினால் சக்தி போய்விடும், உயிரே போய்விடலாம் என்று ஒரு கட்டு. இனுயிட் தேவியின் மகள்; ஆனால் பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல்.

அவள் எனக்குப் பிடித்த பாத்திரம். பிடிக்காத பாத்திரத்துக்காக யாரும் இவ்வளவு நீளமாக எழுத மாட்டார்கள்.

1980-இன் கடைசியில் வந்த எக்ஸ்-மென் 140-ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் வென்டிகோ என்ற மனிதந்தின்னிப் பூதத்தோடு சண்டை. மற்றவர்களால் முடியவில்லை. ஸ்னோபேர்ட் ஒரு வெள்ளை வோல்வரினாக மாறி அதன்மேல் பாய்கிறாள். அளவில் அந்தப் பூதத்தின் காலுக்குக் கீழே கிடக்கிற ஒரு பிராணி, பல்லும் நகமுமாக அதைச் சாய்த்துவிடுகிறது. ஜெயித்த பிறகுதான் சிக்கல். அவளால் திரும்பி வர முடியவில்லை. மிருகத்தின் வெறி அவள் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது, நண்பர்களையே சீறுகிறாள். அப்போது எக்ஸ்-மெனில் வோல்வரின் என்ற பட்டப்பெயரோடு வரும் லோகன், வாயைத் திறந்தால் உறுமல்தான் என்று பெயர் எடுத்தவர், நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மெல்லப் பேசிப் பேசி அவளை மனுஷியாக்குகிறார். உருவம் மாறுவதற்கு ஒரு விலை உண்டு என்று அந்தச் சில கட்டங்கள் சொல்லிவிடுகின்றன. மாறுவது வித்தை இல்லை, ஆபத்து. இனுயிட் கதைகளுக்கு மிகப் பக்கத்தில் நீங்கள் போன இடம் அதுதான் என்பேன். தெரிந்து போனீர்களா, தெரியாமல் போனீர்களா என்பது வேறு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த மக்களிடம் உருவ மாற்றம் ஒரு சாகசம் அல்ல, உலகம் இயங்குகிற விதம். ஆதியில் மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே சுவர் இருந்ததில்லை, வேண்டியபோது இவர் அதுவாகலாம், அது இவராகலாம் என்று 1920-களில் நட் ராஸ்முஸன் என்ற ஆய்வுப் பயணியிடம் வடக்கில் சொன்னார்கள். அவரிடமே இக்லூலிக் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவர் இன்னொன்றும் சொன்னார்: நாங்கள் தின்பது எல்லாமே ஆன்மாக்கள்தான், வாழ்க்கையின் பெரிய ஆபத்தே அதில்தான் இருக்கிறது என்று. கொன்றால்தான் சாப்பாடு, கொல்லப்பட்டதற்கும் ஆன்மா உண்டு, அது கோபித்துக்கொண்டால் அடுத்த குளிர்காலத்தில் சீல் வராது. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்த நாயகி கரடியாக மாறினால், அவள் மனத்தில் என்னென்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக உங்கள் கையில் இருக்கிறாள். அந்தப் பக்கம் நீங்கள் எட்டிப் பார்த்தது குறைவு.

இப்போது தாய்க்கு வருகிறேன்.

நெல்வனா என்ற தேவி, பதிவான இனுயிட் கதைகளில் நான் எங்கும் கண்டவள் இல்லை. அவள் பிறந்த ஊர் டொரொன்டோ. வருடம் 1941. யுத்தச் செலவுக்காக அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க, 1940 டிசம்பரில் கனடிய அரசு அமெரிக்காவில் இருந்து வரும் பல பொருள்களோடு சேர்த்து காமிக்ஸையும் நிறுத்தியது. கடைகளில் சூப்பர்மேன் இல்லை. அந்தக் காலி இடத்தில் உள்ளூர் ஆட்கள் உள்ளே கறுப்பு வெள்ளையில் அச்சடித்த மலிவு இதழ்களைப் போட்டார்கள். அவற்றில் ஒன்றான ட்ரையம்ஃப்-அட்வென்ச்சர் காமிக்ஸில், 1941 ஆகஸ்டில், ஏட்ரியன் டிங்கிள் வரைந்த ‘வடவொளியின் நெல்வனா’ வந்தாள். வொண்டர் வுமனுக்குச் சில மாதம் மூத்தவள். வடவொளியின் அரசன் கொலியாக்குக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் மகள். ‘எழுவர் குழு’ என்ற கனடிய ஓவியர் கூட்டத்தில் ஒருவரான ஃபிரான்ஸ் ஜான்ஸ்டன் வடக்கே போய்த் திரும்பியபோது, அங்கே பார்த்த நெல்வனா என்ற ஒரு முதிய பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழவியின் பெயரை எடுத்து, நீளக் கூந்தலும் குட்டைப் பாவாடையும் வெள்ளை முகமுமாக டிங்கிள் ஒரு தேவியைச் செய்தார். 1947 வரை ஓடினாள். பிறகு மறந்துபோனார்கள். 1971-இல் டொரொன்டோவில் தொடங்கிய ஓர் அனிமேஷன் நிறுவனம் அவள் பெயரை வைத்துக்கொண்டது. 1995-இல் அஞ்சல் தலையிலும் ஏறினாள்.

பைர்ன் அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி, அவளை உங்கள் ஸ்னோபேர்டுக்குத் தாயாக்கினார். பழைய கனடிய நாயகிக்கு ஒரு கும்பிடு. அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கும்பிடு அடுத்த அடுத்த இதழ்களில் மதமாகிவிட்டது. வாசகர்கள் அவளை இனுயிட்டின் பழந்தெய்வம் என்றே நம்பிப் படித்தார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள்.

அந்த 1941-ஐ நான் விட மாட்டேன். டொரொன்டோவில் ஒரு வெள்ளைத் தேவி அச்சாகிய அதே வருடம், கனடிய அரசு உண்மையான இனுயிட் மக்களுக்கு எண் போட்ட வட்டத் தகடுகளைக் கொடுக்கத் தொடங்கியது. நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, அமுக்கிய நாரிலோ தோலிலோ செய்த தகடு. ஒரு பக்கம் மகுடம், மறுபக்கம் எண். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். இனுயிட்டுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, அதிகாரிகளுக்கு அவர்கள் பெயர்களை எழுத வரவில்லை, ஆகவே எண். 1970-கள் வரை இது நீடித்தது. மருத்துவக் குறிப்பில் எண், பள்ளிப் பதிவில் எண். காமிக்ஸில் ஒரு கிழவியின் பெயரை எடுத்துக்கொண்ட நாடு, அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகளின் பெயர்களை எண்ணாக்கியது. இரண்டையும் ஒரே கதையில் கொண்டுவர உங்கள் எழுத்தாளர் எவருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் தைத்துச் சேர்த்த மற்றத் துண்டுகளையும் பார்க்கலாம். ஸ்னோபேர்டின் பிரசவம் பார்த்து, வளர்த்தவர் ஷாமன் என்ற மைக்கேல் டூயங்மென். அவர் சுட்டினா இனத்தவர். கால்கரி நகரத்தின் ஓரத்து, புல்வெளி மக்கள். ஆர்க்டிக் கடலும் சீல் வேட்டையும் அவர்களுக்கு எட்டாத தூரம். மதுரைவீரனுக்குப் படையல் போட லடாக்கில் இருந்து பூசாரியைக் கூப்பிட்ட மாதிரி. வென்டிகோ, வடகிழக்குக் காடுகளின் அல்கோன்கிய மக்களுடையது. சாஸ்குவாட்ச் என்ற ரோமம் அடர்ந்த ராட்சத மனிதக்குரங்கு மேற்குக் கரையில் இருந்து வந்தது. அதை தனராக் என்ற ‘பெரும் மிருகம்’ ஆக்கி, ஆர்க்டிக்கில் விட்டீர்கள். கொலோமாக், ரனாக், சோமோன், துண்ட்ரா: இவை பைர்னின் கற்பனை. வடக்கு என்றால் எல்லாம் ஒரே கூடை என்ற நினைப்பு. அலாஸ்காவில் இருந்து கிரீன்லாந்து வரை விரிந்த இனுயிட் உலகத்திலேயே ஊருக்கு ஊர் கதை மாறும். கடலடித் தாய்க்கு பாஃபின் தீவில் ஒரு பெயர், இக்லூலிக்கில் ஒரு பெயர், நெட்சிலிக் மக்களிடம் நுலியாயுக்.

அந்தத் தாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இல்லாதது அதுதான். அப்பா அவளைப் படகில் இருந்து கடலில் தள்ளுகிறார். அவள் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாள். அவர் கத்தியால் விரல்களை ஒவ்வொரு கணுவாக வெட்டுகிறார். விழுந்த துண்டுகள் சீல்களாக, வால்ரஸ்களாக, திமிங்கிலங்களாக நீந்திப் போகின்றன. அவள் அடியில் போய், தன் விரல்களில் இருந்து பிறந்த எல்லாவற்றுக்கும் எஜமானியாக உட்கார்ந்துவிடுகிறாள். மேலே இருப்பவர்கள் விலக்குகளை மீறினால், அந்த அழுக்கு கீழே இறங்கி அவள் தலைமுடியில் சிக்காகிறது. விலங்குகளை அடைத்து வைத்துக்கொள்கிறாள், ஊர் பட்டினி. அங்ககுக், அதாவது அந்த ஊரின் மந்திரவாதி, மயக்கத்தில் கடலடிக்குப் போய், அவள் கோபத்தைத் தாண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கு எடுத்துத் தலை வாரிவிட வேண்டும். அவளால் தானே வாரிக்கொள்ள முடியாது, விரல்கள் இல்லையே. வாரி முடித்ததும் சீல்களை விடுவிக்கிறாள்.

உலகத்தைக் காப்பாற்றும் செயல் இங்கே தலை வாரிவிடுவது. இடிபாடு இல்லை, லேசர் இல்லை. இப்படி ஒரு கதையைக் கையில் வைத்திருக்கும் மக்களுக்கு, கொலோமாக்கையா கொண்டுபோய்க் கொடுப்பது?

உருவம் மாறுகிறவர்களும் அங்கே பஞ்சமில்லை. இஜிராக் என்பார்கள். காரிபூ மானாக வரும், மனிதனாக வரும். அதைச் சந்தித்தவனுக்கு வழி குழம்பும், ஊர் போய்ச் சேர்ந்தாலும் நடந்தது நினைவில் நிற்காது. உடனே யாரிடமாவது சொல்லிவிட்டால்தான் உண்டு. மறதியை உண்டாக்குகிற உருவமாறி! ஒரு சூப்பர் வில்லனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இலவசமாகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கதையின் சொந்தக்காரர்களைக் கேட்டு, சம்பளம் கொடுத்து, எழுத வையுங்கள் என்கிறேன்.

பழைய ஆல்பா ஃப்ளைட் முழுவதும் குப்பை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆறாவது இதழ், 1984 ஜனவரி தேதியிட்டது. பனிப்புயலுக்குள் வெள்ளை உடுப்பு ஸ்னோபேர்டும் கொலோமாக்கும் மோதுகிறார்கள். பைர்ன் என்ன செய்தார்? வரையவே இல்லை. பக்கம் பக்கமாகக் காலிக் கட்டங்கள். வெள்ளைத் தாளில் பேச்சுக் குமிழிகளும் ‘டமால்’ வகைச் சத்தங்களும் மட்டும். வெண்பனியில் வெள்ளை மிருகம், என்ன தெரியும்? நல்ல நகைச்சுவை. ரசித்துச் சிரித்திருக்கிறேன். இன்றும் புத்தக விழாவில் யாரிடமாவது காட்டினால் சிரிக்கிறார்கள். ஆனால், சண்டை நடக்கிற அந்த மண்ணில் யாருடைய வீடும் இல்லை, நாய் வண்டியின் தடமும் இல்லை, ஒரு ஊரும் தெரியவில்லை என்பதை அந்த வெள்ளைக் கட்டங்கள்போல வேறு எதுவும் காட்டியதில்லை. வடக்கு உங்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

பைர்ன் போன பிறகு, 1986, 87-இல் பில் மான்ட்லோ எழுதிய காலம். ஸ்னோபேர்ட் கல்யாணம் செய்து பிள்ளையும் பெறுகிறாள். எதிரியாக வருவது பெஸ்டிலன்ஸ். யார் அது? 1845-இல் ஜான் ஃபிராங்க்ளினின் இரு கப்பல் ஆர்க்டிக் பயணத்தில் போய்ப் பனியில் தொலைந்த டெரர் கப்பலின் தலைவர் ஃபிரான்சிஸ் க்ரோஷியர். நிஜமான மனிதரை எடுத்துப் பூதமாக்கிவிட்டீர்கள். அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அந்தக் கப்பல்களின் கதையில் உண்மையான சாட்சிகள் இனுயிட் மக்கள். பசியால் அந்த மாலுமிகள் ஒருவரை ஒருவர் தின்றார்கள் என்று அவர்கள் சொன்னதை 1854-இல் ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி லண்டனுக்குக் கொண்டுபோனபோது, சார்லஸ் டிக்கன்ஸ் உட்பட அங்கே பலர் நம்பத் தயாராயில்லை. காட்டுமிராண்டிகளின் பேச்சு என்று தள்ளினார்கள். எலும்புகள் கிடைத்தன, அவர்கள் சொன்னது சரி. அந்தப் பயணத்தின் மற்றக் கப்பலான எரிபஸ் 2014-இல், வாய்வழிக் கதை சுட்டிய தெற்குப் பக்கத்திலேயே கிடைத்தது. டெரர் 2016-இல் கிடைத்ததற்கும் ஓர் இனுக் (இனுயிட்டில் ஒருவரை அப்படிச் சொல்வார்கள்) வேட்டைக்காரர் சொன்ன துப்புதான் காரணம். 170 வருட நினைவு. நீங்கள் அந்தக் கடலுக்குப் போய், க்ரோஷியரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கரையில் நின்று பார்த்தவர்களை விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கதையில் ஸ்னோபேர்டின் புருஷன் போனான், பிள்ளை போயிற்று, அவளும் தன் கூட்டத்துத் தலைவியின் கையாலேயே செத்தாள். செத்தபிறகும் விடவில்லை. உடல் இல்லாமல் அலைந்த வால்டர் லாங்கோவ்ஸ்கிக்கு, அந்த உடலை உயிர்ப்பித்துக் கொடுத்தீர்கள். சாஸ்குவாட்ச்சான ஆண், வான்டா என்ற பெயரில் ஒரு தேவியின் உடலில் நடமாடினார். 1987-இல் இதை விசித்திரம் என்று ரசித்திருப்பார்கள். வடக்கில் இருந்து எதையும் எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்ற பழக்கம் இதைவிட வெளிப்படையாக ஒரு காமிக்ஸில் வந்திருக்காது. பின்னால் அவளை மீட்டீர்கள். 2008-இல் ஹெர்குலிஸோடு சேர்த்து ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரகத்தாரின் தெய்வங்களை அடிக்க அனுப்பினீர்கள். எல்லைக் கட்டு எங்கே போனது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டை நன்றாக இருந்தது.

எங்கள் பக்கம் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். 1980-இல் உங்கள் தோர், 301-ஆம் இதழில் சிவபெருமானோடு மோதினார். சிவனை! பிறகு அது சிவன் இல்லை, இந்திரன் என்று உங்கள் கைநூல்களில் திருத்தினீர்கள். எதிர்த்துக் கேட்க எங்களில் கோடிக்கணக்கானவர்கள் உண்டு, படம் பார்க்க டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. கனடாவில் இனுயிட் மக்கள் எழுபதாயிரம் பேர், 2021 கணக்கின்படி. அவர்களில் பலர் வாழும் வடக்குப் பிரதேசமான நுனாவுட்டின் எந்த ஊரிலும் காமிக்ஸ் கடை உங்கள் விற்பனைப் பட்டியலில் மேலே இருக்காது. எண்ணிக்கை குறைந்தவர்களின் தெய்வத்துக்குத் திருத்தம் வர நாற்பது வருடம் போலாகிறது.

வரத் தொடங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். 2018-இல் சாம்பியன்ஸ் இதழில் அம்கா அலியாக் வந்தாள். ஜிம் ஸப் எழுத, ஷான் இஸாக்ஸ் வரைய, நுனாவுட்டின் இனுக் திரைப்பட இயக்குநர் நைலா இனுக்சுக் உடனிருந்து உருவாக்கிய பெண். ஸ்னோகார்ட் என்று பெயர். ஊர் பாங்னிர்டங். சிலா என்ற பேராற்றலில் இருந்து சக்தி வருகிறது. காற்றும் வானிலையும் மூச்சும் அறிவும் ஒன்றாகச் சேர்ந்தது அது. அம்காவும் விலங்காக மாறுகிறாள். முகத்தில் பச்சை குத்திய கோடுகள் எழுகின்றன. பாதிரியார்கள் பாவம் என்று நிறுத்திவைத்து, ஏறக்குறைய அற்றுப்போய், இந்த நூற்றாண்டில் பெண்களே ஒருவர் முகத்தில் ஒருவர் மறுபடி குத்தத் தொடங்கிய பச்சை அது. ஸ்னோபேர்டின் நாற்பது வருடத்தில் வராத இனுயிட் முகம், அம்காவின் முதல் தோற்றத்திலேயே வந்துவிட்டது. ஒரு இனுக் பெண் மேசையில் உட்கார்ந்திருந்ததுதான் வித்தியாசம்.

ஆனால் அம்காவுக்கென்று ஒரு தனித் தொடர் இன்றுவரை இல்லை. கூட்டத்தில் ஒருத்தியாக, பின்வரிசையில் சிறகு விரித்து நிற்கிறாள். 2020-இல் பூர்வகுடி எழுத்தாளர்கள், ஓவியர்களை வைத்து நீங்கள் போட்ட சிறப்பிதழ் நன்றாக இருந்தது. எக்கோ, மிராஜ், சில்வர் ஃபாக்ஸ் ஆகியோரின் கதைகள். வடகோடிக்கு அதில் இடமில்லை.

அதனால் நான் கேட்கும் கதை இது. ஸ்னோபேர்ட் பாங்னிர்டங்குக்குப் போகிறாள். விமானத்தில்தான் போக முடியும், அந்த ஊருக்கு எங்கிருந்தும் சாலை கிடையாது. ஓடுபாதை ஊருக்கு நடுவே ஓடுகிறது. ஃபியார்ட் என்ற ஒடுங்கிய கடல்நீட்சியின் இரு பக்கமும் மலை. அவளுக்கு விமானம் எதற்கு, ஆந்தையாகப் பறக்கலாமே என்பீர்கள். முதல் தடவை விமானத்தில் வரட்டும், டிக்கெட் விலையைப் பார்க்கட்டும். அம்காவின் வீட்டில் ஒரு பாட்டியிடம் கேட்கிறாள்: என் தாய் நெல்வனாவை உங்களுக்குத் தெரியுமா? பாட்டி தேநீர் ஊற்றிக்கொண்டே, கேள்விப்பட்டதில்லையே என்கிறாள். வெளியூரில் யாராவது இருக்கலாம், என்கிறாள்.

அங்கிருந்து ஆரம்பியுங்கள். தன் தெய்வம் எங்கோ தெற்கில், ஒரு யுத்தகால அச்சகத்தில் பிறந்தவள் என்று தெரிந்துகொள்ளும் ஒரு உருவமாறி. அவள் போலி என்று அர்த்தமில்லை. எழுபது எண்பது வருடம் மனிதர்கள் நம்பிப் படித்ததற்கும் ஏதோ ஒரு உயிர் இருக்கும், காமிக்ஸ் உலகத்தில் அது செல்லும். ஆனால் யாருடைய பெயரை எடுத்து அவளைச் செய்தார்கள்? ஜான்ஸ்டன் பார்த்த அந்தக் கிழவி யார்? அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, கழுத்தில் என்ன எண் தொங்கியது? இதை நைலா இனுக்சுக்கோ, அவர் கைகாட்டும் இன்னொரு இனுக் எழுத்தாளரோ எழுதினால், கடலடித் தாயைக் கொண்டுவரலாமா வேண்டாமா, எந்தக் கதை வெளியாருக்குச் சொல்லக்கூடியது, எது வீட்டுக்குள் இருக்க வேண்டியது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். எனக்குச் சொல்லத் தெரியாத எல்லைகள் அவை. உங்களுக்கும்தான்.

தயவுசெய்து ஒரு குறுக்கு வழி எடுக்காதீர்கள்: அடுத்த இதழில் ஸ்னோபேர்டின் தோலுக்குக் கொஞ்சம் பழுப்பு நிறம் ஏற்றி, கூந்தலைக் கறுப்பாக்கி, சரியாகிவிட்டது என்று கைதட்டுவது. அந்த வெள்ளை நிறம்தான் கதையின் தடயம், அதை அழித்துவிட்டால் விசாரணையே நடக்காது.

வரைய ஆள் தேடுகிறோம் என்று சொல்லாதீர்கள். பாங்னிர்டங்கிலேயே 1970 முதல் திரைச்சீலை நெய்கிறார்கள், 1973 முதல் அச்சுப்படம் போடுகிறார்கள். கின்கைட்டில் 1959-இல் இருந்து வருடாவருடம் அச்சுத் தொகுப்பு வருகிறது. அங்கே கெனோயுவாக் அஷெவாக் 1960-இல் போட்ட ஆந்தையை, 1970-இல் அஞ்சல் தலையில் ஏற்றினார்கள். இறகுகள் தலையில் இருந்து கதிர்போல் நாலாபக்கமும் நீள, நேராக நம் முகத்தைப் பார்த்து நிற்கும். உங்கள் ஸ்னோபேர்ட் ஆந்தையாக மாறுகிற எத்தனையோ கட்டங்களைப் பார்த்துவிட்டேன். அத்தனையும் அந்த ஒரு ஆந்தைக்கு முன்னால் பொம்மை. மனிதக் கை சிறகாக நீள்வதை, வால்ரஸின் முதுகில் இருந்து பெண் முகம் எழுவதைக் கல்லில் செதுக்கியே பழகியவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். உருவ மாற்றத்தை வரைய அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அட்டைப்படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதில் நிற்காதீர்கள். உள்ளே, கட்டம் கட்டமாக வரைய விடுங்கள். பக்க அமைப்பே மாறிப்போனால் மாறட்டும்.

பணம். ‘கலாசார ஆலோசகர்’ என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் போடும் வழக்கம் உங்கள் துறையில் பரவியிருக்கிறது. ஆலோசனைக்குக் கொடுக்கும் தொகையும் பாத்திரத்தை உருவாக்கியவருக்குச் சேரும் பங்கும் ஒன்றல்ல என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பொம்மை, படம், விளையாட்டு என்று அம்கா எங்கே போனாலும், அவளோடு பங்கும் போகட்டும்.

மொழி. இனுக்டிடுட்டில் ஒரு பதிப்பு, ஆங்கிலப் பதிப்போடு ஒரே நாளில். பாஃபின் தீவில் பிள்ளைகள் படிப்பது முக்கோணமும் வளைவும் கொக்கியுமாக இருக்கும் அந்த எழுத்தில்தான். பேச்சுக் குமிழிக்குள் அது மிக அழகாக உட்காரும். அந்த மொழியில் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடும் இனுயிட் பதிப்பகம் நுனாவுட்டின் தலைநகர் இக்காலுவிட்டிலேயே இருக்கிறது. எழுத்துக்கோக்க ஆள் இல்லை என்ற சாக்கும் செல்லாது. விற்காது என்பீர்கள். நஷ்டம் வரும், சின்ன நஷ்டம். ஆறாவது இதழில் காலிப் பக்கங்களை அச்சடிக்க மை செலவாகவில்லை அல்லவா, அந்த மிச்சத்தில் இதைப் போடலாம்.

ஆல்பா ஃப்ளைட்டின் பழைய தொகுப்பை மறுபடி கெட்டி அட்டையில் போடும்போது ஒரு முன்னுரை சேருங்கள். பைர்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. அவர் ஒரு நல்ல காமிக்ஸைச் செய்தார். 1941 முதல் 1987 வரை இந்தப் பெயர் எப்படிக் கைமாறியது என்று ஒரு இனுக் வாசகர் தன் கண்ணால் பார்த்து எழுதட்டும். திட்டினால் திட்டட்டும், அச்சிடுங்கள்.

புதுத் தொடர் வருமானால் முதல் இதழின் ஒரு கட்டை பாங்னிர்டங் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: காற்றும் மேகமும் சேர்ந்தால் அங்கே விமானம் நாள்கணக்கில் இறங்காது. அதனால் நியூயார்க் கடைகளுக்குப் போகும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்பினால்தான் அவர்கள் கையில் முதலில் இருக்கும்.

பதிலை எதிர்பார்த்து,
ஒரு பழைய வாசகன்
ஸ்கார்பரோ, டொரொன்டோ